தென்னாப்பிரிக்காவில் பழைய சொகுசு மின்கார் வாங்குவோருக்கு: சோதனையும் செலவுக் கணக்கும்

ஜோகன்னஸ்பர்க்கின் மிட்ராண்ட், சாண்டன் பகுதிகளுக்கோ டர்பனுக்கோ வேலைக்காக வந்து சேரும் நம்மவர்கள், முதல் சில மாதங்களிலேயே கார் வாங்காமல் காலம் தள்ள முடியாது என்று கண்டுகொள்கிறார்கள். பழைய கார் விளம்பரங்களைப் புரட்டும்போது, நான்கைந்து ஆண்டு ஓடிய ஜாகுவார் ஐ-பேஸ், ஔடி இ-ட்ரான், போர்ஷே டைக்கான் போன்ற வண்டிகள், புதிதாக விற்ற விலையில் பாதியை ஒட்டியோ அதற்கும் கீழோ கிடைப்பதைப் பார்த்து ஆசை எழுவது இயல்பே. அந்த ஆசையைக் கெடுப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. பணம் கொடுப்பதற்கு முன் எதை எந்த வரிசையில் பார்க்க வேண்டும் என்பதைச் சொல்வதே நோக்கம்.

விலை ஏன் இப்படி இறங்குகிறது என்பதை முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும். ஐரோப்பாவிலிருந்து வரும் பெட்ரோல் காருக்கு இந்நாட்டில் 18 விழுக்காடு இறக்குமதி வரி என்றால், மின்காருக்கு 25 விழுக்காடு. அதன்மேல் விலைக்கேற்ப 30 விழுக்காடு வரை ஏறும் ஆடம்பர வரியும் 15 விழுக்காடு மதிப்புக் கூட்டு வரியும் சேர்கின்றன. இப்படி ஊதிப்போன விலையில் புதிதாக வாங்கியவர் விற்க வரும்போது, வாங்க முன்வருவோர் சிலரே. பழைய வண்டிகளை வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து விற்பதற்கும் இங்கே பொதுவாகத் தடை உண்டு. ஆகவே இந்நாட்டில் புதிதாக விற்ற கொஞ்ச வண்டிகளே சந்தையில் சுற்றிச் சுற்றி வருகின்றன. வண்டிகள் குறைவு என்பதால் அவற்றைப் பிரித்துப் பழுதுபார்க்கத் தெரிந்தவர்களும் குறைவு. பழைய உதிரிபாகங்கள் கிடைக்கும் கடைகளும் குறைவு. விலை இறங்கியது வண்டிக்கு மட்டுமே. அதன் உதிரிபாகம் இன்றும் ஐரோப்பாவிலிருந்து அன்றைய யூரோ மதிப்பில் வருகிறது. பழைய சொகுசு மின்காரின் செலவுக் கணக்கு முழுவதும் இந்த ஒரு முரணில்தான் அடங்கியிருக்கிறது. எனவே கீழே சொல்லும் ஒவ்வொரு படியிலும், உத்தரவாதம் முடிந்த மறுநாள் ஒரு பழுது வந்தால் யார் பணம் கட்டுவது என்ற கேள்வியை முன்னால் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் படி: வண்டிக்கு முன் வீட்டைப் பாருங்கள்

இரவில் வண்டி நிற்கும் இடத்தில் மின்சாரம் இல்லையென்றால் மேற்கொண்டு படிக்க வேண்டியதில்லை. பெட்ரோலும் பேட்டரியும் சேர்ந்து இயக்கும் ஒரு நல்ல ஹைப்ரிட் வண்டியைத் தேடுவதே புத்திசாலித்தனம். பொது சார்ஜர்களை மட்டும் நம்பி ஒரு சொகுசு மின்காரை வைத்திருப்பது செலவிலும் நேரத்திலும் கட்டுப்படியாகாது.

இங்குள்ள பெரும்பாலான வீடுகளுக்கு ஒற்றைக் கட்டத்தில் (சிங்கிள் ஃபேஸ்) 60 ஆம்பியர் இணைப்பே தரப்பட்டிருக்கும். அதாவது வீடு முழுவதற்கும் ஏறத்தாழ 13.8 கிலோவாட். சுவரில் பொருத்தும் 7.4 கிலோவாட் சார்ஜர் ஒன்றே 32 ஆம்பியரை எடுத்துக்கொள்ளும். கீசருக்கு 13 ஆம்பியர், அதோடு அடுப்பும் ஓவனும் சேர்ந்தால் மாலை ஏழு மணிக்கு மெயின் சுவிட்ச் விழுந்துவிடும். நள்ளிரவுக்குப் பிறகு சார்ஜ் ஏறும்படி வண்டியிலேயே நேரம் குறித்து வைப்பது எளிய தீர்வு. கணக்கு இப்படி: 85 யூனிட் பயன்படுத்தத்தக்க பேட்டரியை 20 விழுக்காட்டிலிருந்து 80 வரை ஏற்ற 51 யூனிட் தேவை. (ஒரு யூனிட் என்பது ஒரு கிலோவாட் மணி, நம் ஊர் மின்கட்டண அட்டையில் பார்த்த அதே யூனிட்தான்.) சுவர் சார்ஜரில் அதற்கு ஏழு மணி நேரம் ஆகும். சாதாரண மூன்று முள் பிளக்கில் 2.3 கிலோவாட் வீதம் ஏற்றினால் 22 மணி நேரம் ஆகும். நாளொன்றுக்கு நாற்பது ஐம்பது கி.மீ. மட்டும் ஓட்டுபவருக்குச் சாதாரண பிளக்கே போதும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். விற்பனையாளர்கள் இதைச் சொல்வதில்லை.

மின்வெட்டுக் காலத்தில் பல வீடுகளில் 5 அல்லது 8 கிலோவாட் இன்வெர்ட்டரும் சூரியத் தகடுகளும் பொருத்தினார்கள். அத்தகைய வீட்டை நீங்கள் வாடகைக்கு எடுத்திருந்தால், கார் சார்ஜரை இன்வெர்ட்டரின் காப்பு வரிசையில் (மின்வெட்டிலும் மின்சாரம் பெறும் இணைப்புகளில்) இணைக்காமல், மின்வாரியத்திலிருந்து நேராக வரும் பகுதியில் இணைக்கச் சொல்லுங்கள். 2024 மார்ச்சுக்குப் பிறகு நாடு தழுவிய மின்வெட்டு வெகுவாகக் குறைந்துவிட்டாலும், உள்ளூர்த் தடங்கல்கள் நின்றபாடில்லை. மின்சாரம் திரும்பி வரும் நொடியில் மின்னழுத்தம் எகிறினால், வண்டிக்குள் இருக்கும் சார்ஜர் பாகம் பழுதாகும் அபாயம் உண்டு; அதன் விலை சுவரில் பொருத்தும் பாதுகாப்புக் கருவியின் விலையைப்போலப் பல மடங்கு. பொருத்துபவர் பதிவுபெற்ற மின் பணியாளராக இருக்க வேண்டும். வேலை முடிந்ததும் மின் இணக்கச் சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள். பின்னாளில் தீ விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் முதலில் கேட்கும் தாள் அதுதான். அடுக்குமாடியில் இருப்போர் வீட்டு உரிமையாளரிடம் மட்டுமல்லாமல், குடியிருப்பின் நிர்வாகக் குழுவிடமும் எழுத்தில் அனுமதி பெற வேண்டும்.

இரண்டாம் படி: எந்த வண்டி

ஐ-பேஸ் 2019இல் இங்கே விற்பனைக்கு வந்தது. அதே ஆண்டில் உலகின் சிறந்த கார் விருதைப் பெற்ற வண்டி. ஓட்டுவதற்கு இன்றும் இனிமையானது. ஆனால் அதன் உற்பத்தியே நின்றுவிட்டது. அதோடு, பேட்டரி தீப்பிடிக்கும் அபாயத்தால் அமெரிக்காவில் 2019ஆம் ஆண்டு வண்டிகளை 80 விழுக்காட்டுக்கு மேல் ஏற்ற வேண்டாம் என்று சொல்லி, பிறகு நிறுவனமே அவற்றைத் திரும்ப வாங்கிக்கொண்டது. இங்குள்ள ஒரு வண்டியை விலை பேசும்போது, அதன் அடிச்சட்ட எண்ணைக் கொடுத்து, திரும்ப அழைப்பு (குறையைச் சரிசெய்ய நிறுவனமே வண்டிகளை வரவழைப்பது) எதுவும் நிலுவையில் உள்ளதா, பேட்டரித் தொகுதி மாற்றப்பட்டதா என்று நிறுவனத்தின் சேவை மையத்திலேயே எழுத்தில் பதில் வாங்குங்கள். விற்பவரின் வாய்ச்சொல் போதாது.

டைக்கானுக்கும் இதே அறிவுரைதான். 2024இல் முன்பக்க பிரேக் குழாய்களுக்காக உலகம் முழுவதும் அவ்வண்டிகள் திரும்ப அழைக்கப்பட்டன. அந்த வேலை முடிந்ததற்கான பதிவு இல்லாத வண்டியைத் தொடாதீர்கள்.

பிஎம்டபிள்யூ ஐ3 விலை குறைவாகக் கிடைப்பதால் புதியவர்கள் பலர் அதை நாடுகிறார்கள். 22, 33, 42 யூனிட் என மூன்று அளவு பேட்டரிகளில் வந்த அவ்வண்டி நகருக்குள் ஓட்ட அருமையானது. அதன் கவலைக்குரிய இடம் ஏசி கம்ப்ரசர். ஏசி வாயுவே பேட்டரியையும் குளிரூட்டுவதால், கம்ப்ரசர் உள்ளே தேய்ந்து உடைந்தால் உலோகத்துகள் குளிரூட்டும் பாதை முழுவதும் பரவி, ஒரு பாகத்தின் பழுது பல பாகங்களின் பழுதாகிவிடுகிறது. டயரும் வழக்கத்துக்கு மாறாக 19 அங்குலச் சக்கரத்துக்கானது, அகலமோ குறுகியது. தெருமுனைக் கடையில் கிடைக்காது.

ஔடி இ-ட்ரான் 2022இல்தான் இங்கு வந்தது. மின்சாரத்தைச் சற்று அதிகம் குடிக்கும். சுருளுக்குப் பதில் காற்றுப் பைகள் வண்டியைத் தாங்கும் காற்று சஸ்பென்ஷன் உண்டு, அது பழுதானால் கையைக் கடிக்கும். இருந்தாலும் இங்கு விற்ற முதல் வண்டிக்கும் பேட்டரி உத்தரவாதம் 2030 வரை இருக்கிறது என்பது பெரிய ஆறுதல். சாதாரண எஃகுச் சுருள்களில் நிற்கும் பிஎம்டபிள்யூ ஐஎக்ஸ்3 இன்னும் எளிமையான அமைப்புடையது. முதல் மின்காரைத் தேடும் ஒருவருக்கு, கவர்ச்சியான 2019 ஐ-பேஸைவிட இவ்விரண்டில் ஒன்றையே நான் சொல்வேன், விலை சற்றுக் கூடினாலும்.

மூன்றாம் படி: தேதிகள்

இவ்வகை வண்டிகளில் பேட்டரிக்கு 8 ஆண்டு அல்லது 1,60,000 கி.மீ., எது முந்துகிறதோ அதுவரை உத்தரவாதம் தருவது பொது வழக்கம். இது முதல் உரிமையாளர் வண்டியைப் பதிவு செய்த நாளிலிருந்து ஓடத் தொடங்கும்; நீங்கள் வாங்கிய நாளிலிருந்து அன்று. 2019 ஐ-பேஸுக்கு 2027இல் முடிந்துவிடும். பேட்டரியின் கொள்ளளவு குறைவதைப் பொறுத்தவரை, அது 70 விழுக்காட்டுக்குக் கீழே போனால் மட்டுமே உத்தரவாதம் கைகொடுக்கும் என்பதையும் கவனியுங்கள். 72 விழுக்காட்டில் நிற்கும் பேட்டரிக்கு உத்தரவாதக் கணக்கில் கொள்ளளவுக் குறை இல்லை. தூரம் குறைந்ததை நீங்கள்தான் தாங்கிக்கொள்ள வேண்டும்.

வண்டியின் மற்றப் பாகங்களுக்கான உத்தரவாதம் இதைவிடக் குறுகியது. இந்நாட்டில் சொகுசுக் கார்களோடு 5 ஆண்டு அல்லது 1,00,000 கி.மீ. பராமரிப்புத் திட்டம் சேர்த்து விற்பது வழக்கம். இதில் இரண்டு வகை உண்டு: ஒன்று குறித்த காலச் சர்வீஸை மட்டும் ஏற்கும், மற்றொன்று தேயும் பாகங்களையும் ஏற்கும். விளம்பரத்தில் இரண்டையும் ஒன்றுபோல் எழுதிவிடுவார்கள். ஐந்தாண்டு நிறைவடையும் தருவாயில் ஏராளமான வண்டிகள் சந்தைக்கு வருவதற்கு இந்தத் திட்டம் முடிவதே காரணம். அதை நீட்டிக்க முடியுமா, எவ்வளவு ஆகும் என்று கேட்டு, அந்தத் தொகையை வண்டி விலையோடு சேர்த்தே பேரம் பேசுங்கள்.

நான்காம் படி: பேட்டரியை அளப்பது

சார்ஜ் முழுதாக ஏறியதும் திரையில் தெரியும் 'மீதித் தூரம்' என்னும் எண்ணை நான் ஒரு பொருட்டாகவே எடுப்பதில்லை. அது கடைசியாக ஓட்டியவர் எப்படி ஓட்டினார் என்பதை வைத்து வண்டி போடும் ஊகம். மெதுவாக ஓட்டி அதை ஏற்றிக் காட்டுவது எளிது.

முதல் வழி, நிறுவனத்தின் சேவை மையத்தில் பேட்டரி நலச் சோதனை செய்து அச்சிட்ட அறிக்கை வாங்குவது. கட்டணம் ஆகும், அதை மிச்சம் பிடிக்காதீர்கள். இரண்டாவது வழி, நீங்களே ஒரு விரைவு சார்ஜரில் சோதிப்பது. வண்டியை 30 விழுக்காட்டில் கொண்டுவரச் சொல்லி, 80 வரை ஏற்றுங்கள். சார்ஜர் திரை காட்டும் யூனிட் எண்ணிக்கையில் ஐந்து விழுக்காட்டை இழப்பாகக் கழித்துவிட்டு இரண்டால் பெருக்கினால், பேட்டரியின் தற்போதைய கொள்ளளவு தோராயமாகக் கிடைக்கும். ஓர் ஐ-பேஸ் 40 யூனிட் எடுத்தது என்று வைத்துக்கொள்வோம். கழிவு போக 38. இரண்டால் பெருக்க 76. புதிதில் அதன் பயன்படு கொள்ளளவு 84.7 யூனிட். ஆக, ஏறத்தாழ 90 விழுக்காடு நலத்தோடு இருக்கிறது, நல்ல வண்டி. இந்தக் கணக்கில் மூன்று நான்கு விழுக்காடு முன்பின் ஆகலாம் என்பதால், 88க்கும் 91க்கும் வேறுபாடு பார்த்துப் பேரம் பேசுவதில் பொருளில்லை. 75 என்று வந்தால் விட்டுவிட்டு வாருங்கள்.

இந்தச் சோதனையில் இன்னொரு பயனும் உண்டு. வீட்டில் மட்டுமே ஏற்றி வந்த உரிமையாளருக்கு, விரைவு சார்ஜ் வேலை செய்யவில்லை என்பதே தெரியாமல் இருக்கலாம். ஏறும் வேகத்தைப் பாருங்கள். இங்குள்ள நெடுஞ்சாலை சார்ஜர்களில் பல 60 கிலோவாட் திறன் கொண்டவை. 100 கிலோவாட் வாங்கக்கூடிய வண்டி அங்கே 60க்கு மேல் காட்டாவிட்டால் குறை வண்டியில் இல்லை. ஆனால் 50 விழுக்காட்டில் நிற்கும்போதே 20, 25 என்று தத்தளித்தால் காரணம் கேட்க வேண்டும். சதவீத எண் ஓரிடத்தில் நின்று, பிறகு திடீரென்று நான்கைந்து தாண்டிக் குதித்தாலும், பேட்டரிக்குள் இருக்கும் செல் தொகுதிகளில் ஏதோ ஒன்று மற்றவற்றோடு ஒத்துப்போகாமல் இருக்கலாம்.

ஐந்தாம் படி: பேட்டரி தவிர்த்த மற்றவை

பேட்டரியைப் பற்றியே எல்லோரும் பயப்படுகிறார்கள். நடைமுறையில் பணத்தைக் கரைப்பவை பெரும்பாலும் அதைச் சுற்றியுள்ள பாகங்கள். 12 வோல்ட் சிறு பேட்டரி இறந்தால், பெரிய பேட்டரி நிறைந்திருந்தும் வண்டி கிளம்பாது; சாவிப் பொத்தானுக்குக் கதவுகூடத் திறக்காமல் போகலாம். அதன் வயதைக் கேளுங்கள். இரண்டு டன்னைத் தாண்டும் எடையால் டயரும் சஸ்பென்ஷனின் ரப்பர் புஷ்ஷும் விரைவில் தேயும். நம் சாலைக் குழிகளில் 20, 21 அங்குலச் சக்கரங்கள் வளைவது சாதாரணம். பல வண்டிகளில் உபரிச் சக்கரமும் கிடையாது. வண்டியைத் தூக்கி நிறுத்தி, பேட்டரியின் அடித்தட்டில் ஒடுக்கோ கீறலோ இருக்கிறதா என்று பார்ப்பது கட்டாயம். அடித்தட்டு ஆழமாக அடிபட்டால் காப்பீட்டு நிறுவனம் வண்டியையே முழு இழப்பாக அறிவிக்கக்கூடும்.

டர்பனிலும் அதன் வடக்குக் கடற்கரையிலும் ஓடிய வண்டிகளின் பிரேக் தட்டுகளைத் தனியாகக் கவனியுங்கள். மின்காரில் மோட்டாரே வேகத்தைக் குறைத்துவிடுவதால் பிரேக் அரிதாகவே வேலை செய்கிறது. உப்புக் காற்றில் தட்டு தேய்வதற்கு முன் துருப்பிடித்துவிடுகிறது. ஜோகன்னஸ்பர்க் வண்டிகளுக்குத் துரு இல்லை. ஆனால் ஆலங்கட்டி மழையின் வடுக்கள் கூரையில் இருக்கலாம்.

ஆறாம் படி: யாரிடம் வாங்குவது

டீலரிடம் வாங்கினால், 2008ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால் பழுதுபார்க்கவோ மாற்றித்தரவோ பணத்தைத் திருப்பவோ கேட்கும் உரிமை உண்டு. டீலர் அல்லாத தனி நபரிடம் வாங்கும்போது இது இல்லை. 'வூட்ஸ்டூட்ஸ்', அதாவது உள்ளபடியே விற்கிறேன் என்ற நிபந்தனையே செல்லும். பழைய மின்காருக்கு இந்த ஆறு மாதம் பெருமதிப்புள்ளது. தனி நபரிடம் விலை கணிசமாகக் குறைந்தாலொழிய டீலரையே நாடுங்கள். ஒன்று மட்டும்: குறிப்பிட்ட ஒரு குறையை உங்களிடம் சொல்லி நீங்கள் ஏற்றுக் கையெழுத்திட்டிருந்தால், அந்தக் குறைக்கு உரிமை கோர முடியாது. 'பேட்டரியின் நிலையை அறிந்தே வாங்குகிறேன்' என்பது போன்ற வரி ஒப்பந்தத்தில் நுழைந்திருக்கிறதா என்று படித்துப் பாருங்கள். தகராறு முற்றினால் மோட்டார் தொழில் குறைதீர்ப்பாளரிடம் முறையிடலாம்.

பதிவுத்தாளில் வண்டியின் குறியீடு 2 என்று இருக்க வேண்டும். 3 என்றால் அது அடிபட்டு மறுபடி கட்டப்பட்ட வண்டி. மின்காரில் அதற்கு எந்த விலையும் நியாயமான விலையாகாது.

ஏழாம் படி: ஆண்டுச் செலவு

ஆண்டுக்கு 15,000 கி.மீ. ஓட்டுவதாகவும், 100 கி.மீ.க்கு 22 யூனிட் செலவாவதாகவும் வைத்துக்கொள்வோம். அது 3,300 யூனிட். வீட்டில் ஏற்றும்போது ஏற்படும் பத்து விழுக்காடு இழப்பைச் சேர்த்தால் 3,630. யூனிட் மூன்றரை ரேண்ட் என்றால் 12,705 ரேண்ட். அதையே முழுக்கப் பொது விரைவு சார்ஜரில் ஏற்றினால், ஐந்து விழுக்காடு இழப்பைச் சேர்த்து 3,465 யூனிட்; யூனிட் ஏழரை ரேண்ட் வீதம் ஏறத்தாழ 26,000 ரேண்ட். 100 கி.மீ.க்கு 11 லிட்டர் குடிக்கும் அதே அளவு பெட்ரோல் சொகுசு வண்டி, லிட்டர் 21 ரேண்ட் வீதம் 34,650 ரேண்டைக் கேட்கும். உங்கள் நகராட்சியின் கட்டணத்தையும் அன்றைய பெட்ரோல் விலையையும் இட்டு இதே கணக்கைப் போட்டுக்கொள்ளுங்கள்.

வீட்டில் ஏற்றுபவருக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 22,000 ரேண்ட் மிச்சம். இது நல்ல தொகைதான். ஆனால் பெரிய சக்கரங்களுக்கு நான்கு நல்ல டயர் போடும் ஆண்டில் அதன் பெரும்பகுதி போய்விடும். எரிபொருளில் மிச்சம் பிடிக்கத்தான் சொகுசு மின்கார் வாங்குகிறேன் என்பவரின் கணக்கு உதைப்பது இங்கேதான். காப்பீட்டுத் தொகையை வண்டி வாங்கும் முன்பே இரண்டு மூன்று நிறுவனங்களிடம் கேளுங்கள். இருப்பிடம் கண்டறியும் கருவி பொருத்த வேண்டும் என்பது பெரும்பாலும் நிபந்தனையாக இருக்கும். கடன் வாங்குவோர், கடைசியில் பெருந்தொகை ஒன்றைக் கட்டும் பலூன் முறையைத் தவிர்ப்பது நல்லது. விலை இவ்வளவு வேகமாக விழும் வண்டியில், கட்ட வேண்டிய கடைசித் தொகை வண்டியின் மதிப்பைவிடக் கூடுதலாக நிற்கும்.

எட்டாம் படி: டர்பன் பயணம்

ஜோகன்னஸ்பர்கில் இருக்கும் நம்மவர்கள் காவடிக்கும் கல்யாணத்துக்கும் டர்பன் போகாமல் இருப்பதில்லை. என்3 சாலையில் ஏறத்தாழ 570 கி.மீ. ஜாகுவாரும் கிரிட்கார்ஸ் என்ற சார்ஜர் நிறுவனமும் சேர்ந்து அமைத்த சார்ஜர்கள் இச்சாலையில் உள்ளன. ஹாரிஸ்மித் ஏறத்தாழப் பாதி வழி. போகும்போது ஒரு நிறுத்தம் போதும் என்று கண்டவர், திரும்பும்போதும் அப்படியே என்று நினைத்துவிடக் கூடாது. கடல்மட்டத்திலிருந்து 1,700 மீட்டருக்கு மேல் ஏறி வர வேண்டும். 2,300 கிலோ எடையுள்ள வண்டியை அந்த உயரத்துக்குத் தூக்க மட்டும் பத்து யூனிட்டுக்கு மேல் செலவாகும். அது நாற்பது ஐம்பது கி.மீ. ஓட்டத்துக்கு ஈடு. வான் ரீனன் கணவாய்க்குக் கீழேயே ஒருமுறை ஏற்றிக்கொள்வது நிம்மதி. பண்டிகைக் கால வார இறுதிகளில் சார்ஜரில் வரிசை இருக்கும். புறப்படுமுன் சார்ஜர் நிறுவனத்தின் செயலியில் அது இயங்குகிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசிப் படி: தாள்கள்

தென்னாப்பிரிக்க அடையாள எண் இல்லாதவர், வண்டியைத் தம் பெயரில் பதிவு செய்யப் போக்குவரத்துப் பதிவு எண் ஒன்றைப் பெற வேண்டும். கடவுச்சீட்டு, விசா, முகவரிச் சான்று ஆகியவற்றோடு உரிம அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம். காலம் பிடிக்கும் என்பதால் வண்டி தேடத் தொடங்கும்போதே இதைச் செய்துவிடுங்கள். உரிமை மாற்றத்துக்குச் சாலைத்தகுதிச் சான்றிதழ் வேண்டும். மாற்றத்தை 21 நாளுக்குள் முடிக்க வேண்டும். ஆண்டு உரிமக் கட்டணம் வண்டியின் எடையை வைத்துக் கணக்கிடப்படுவதால், அதே அளவு பெட்ரோல் காரைவிட மின்காருக்குக் கூடுதலாக வரும்.

சாவியை வாங்கும் நாளில் மூன்றைச் சரிபாருங்கள். இரண்டு சாவிகளும் இருக்கின்றனவா. சுவர் பிளக்கில் ஏற்றும் கேபிளும் பொது சார்ஜரில் ஏற்றும் கேபிளும் டிக்கியில் இருக்கின்றனவா. பழைய உரிமையாளரின் கணக்கை வண்டியின் செயலியிலிருந்து நீக்கி உங்கள் பெயரில் மாற்றியாயிற்றா. கடைசியது நடக்காவிட்டால், வண்டி எங்கே நிற்கிறது என்பதை முன்பின் தெரியாத ஒருவர் தம் கைபேசியில் பார்த்துக்கொண்டிருப்பார். கதவைத் திறக்கவும் அவரால் முடியும்.